தலைவருக்கு எழுதிய மூன்று இரங்கலுரைகள்

எங்கள் தெருவின் மரண உதவிச் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருடம் செயலாளராக இருந்தேன். யாராவது இறந்தால் சங்கம் அந்த வீட்டு வாசலில் கூடாரம் அடிக்கும். நூறு பிளாஸ்டிக் கதிரையும், ஒரு பெரிய தேநீர்ப் பாத்திரமும், எண்பது கோப்பையும் இறக்கும். பெட்டியைத் தூக்குவதற்கு முன்பு சங்கத்தின் சார்பில் ஒருவர் எழுந்து இரங்கலுரை வாசிக்க வேண்டும். கண்டியில் மற்றத் தெருச் சங்கங்களில் அது தலைவரின் வேலை. எங்கள் தலைவர் பித்தளைச் சாமான் வியாபாரி. "எனக்கு வெலை சொல்லத்தான் வரும். நீ எழுத்தாளன்தானே, நீ பேசு" என்று முதல் கூட்டத்திலேயே அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார். நான் சந்தோசமாகவே ஏற்றுக்கொண்டேன். அரசாங்க அலுவலகத்தில் லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதுவரை இரண்டு சிறுகதைத் தொகுதிகள் வெளியிட்டிருந்தேன். இரண்டையும் சேர்த்து எழுபது பேர் வாசித்திருந்தால் அதிகம். சாவு வீட்டில் இருநூறு பேர் எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

இத்தனை வருடத்தில் நான் எழுதிய இரங்கலுரை ஒன்றே ஒன்றுதான். பதினாறு வாக்கியம். பெயரையும் தொழிலையும் மாற்றி மாற்றி அதையே வாசித்தேன். "காலன் கவர்ந்து சென்ற கண்ணியச் சுடர்" என்று தொடங்கும். நடுவில் ஓர் ஆலமரம் சாயும். 'ஈடு செய்ய முடியாத' என்பது மூன்று தடவை வரும். கடைசியில் அன்னாரின் ஆத்மா சாந்தியடையும்.

இந்த நடையை நான் பதினான்கு வயதில் பிடித்துக்கொண்டேன். ஏதோ ஒரு விழாவுக்கு வந்த மேடைப் பேச்சாளர் ஒருவர் ஒன்றேகால் மணிநேரம் பேசினார். என்ன பேசினார் என்பது வீடு வந்து சேர்வதற்குள் மறந்துவிட்டது. அந்தத் தொண்டை மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. அன்றிலிருந்து நான் பேனாவை எடுத்தால் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்து நிற்பார். என் கதைகளிலும் அவர்தான் பேசினார். என் முதல் தொகுதியில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி மலையுச்சியில் நின்று, "விடியலே, நீ எப்போது விழிப்பாய்?" என்று கேட்பாள். பன்வில பக்கத்துத் தோட்டங்களில் எனக்குச் சொந்தக்காரர்கள் இருபது பேராவது இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் விடியலிடம் பேசி நான் கண்டதில்லை. விடியலுக்கு முன்பே எழுந்து அடுப்பு மூட்டுகிறவர்களுக்கு அதனிடம் கேட்க என்ன இருக்கிறது? ஆனாலும் எழுதினேன். அந்தக் கதைக்கு ஒரு பரிசும் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்கும் அதே தொண்டைதான்.

ஒரு தடவை, பிள்ளையே இல்லாத ஒரு பெண்மணியின் பெட்டிக்கு முன்னால் நின்று, "பேரப்பிள்ளைகள் புடைசூழ வாழ்ந்த பெருமாட்டி" என்று வாசித்துவிட்டேன். முந்திய சாவில் எழுதியதை மாற்ற மறந்துவிட்டேன். அவளுடைய கணவர் தலையை நிமிர்த்தி, எங்கே அந்தப் பேரப்பிள்ளைகள் என்பது போல ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். வேறு ஒருவரும் கவனிக்கவில்லை. நான் வாசிக்கும்போது யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு அன்றுதான் உறுதியானது. தலைவர் மட்டும் கேட்டிருந்தார். நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் முழங்கையால் விலாவில் இடித்தார்.

"எத்தன பேரன், எத்தன பேத்தி? எல்லாத்தையும் எண்ணுறவன்தானே, எண்ணிச் சொல்லேன்."

பெட்டி தெருமுனை தாண்டும் வரைக்கும் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டே வந்தார். பார்த்தவர்கள் அழுகிறார் என்று நினைத்து அவர் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். அவர் அதையும் வாங்கிக்கொண்டார்.

அவர் அப்படிப்பட்ட ஆள். நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். எனக்கு அவரைப் பிடித்ததா என்று கேட்டால், அறுபது வருடத்தில் அதைப் பற்றி யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. எங்கள் தெருவில் இருந்த வீட்டை விற்றுவிட்டுப் பிலிமத்தலாவையில் கடைக்குப் பின்னாலேயே மூத்த மகன் கட்டிய வீட்டுக்குப் போனார். போன பிறகும் சங்கத் தலைவர் பதவியை விடவில்லை. எந்தச் சாவுக்கும் பஸ் ஏறி வந்து என் பக்கத்துக் கதிரையில் உட்காருவார். பிறகு சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனது. கிழமைக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரித்தார்கள். கொஞ்ச காலத்தில் உடம்பு அதையும் தாங்கவில்லை. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"செக்ரட்டரி, ஒருக்கா வந்துட்டுப் போ. வரும்போது என்னோடதையும் கொண்டா."

"என்னது?"

"நடிக்காத. எழுதி வெச்சிருப்பே."

எழுதித்தான் வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே எழுதிவிட்டேன். கடைசி நேரத்தில் ஓடித் திரிவது எனக்குப் பிடிக்காது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பிலிமத்தலாவை வழியாகப் போகிற கடுகண்ணாவை பஸ்ஸில் ஏறினேன்.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற அறையில் அவருக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். கதவைச் சாத்த விடமாட்டாராம். மகன் வாடிக்கையாளர்களுக்கு விலை சொல்வது கேட்க வேண்டும். குறைத்துச் சொன்னால் படுத்த இடத்திலிருந்தே இருமுவார். முகம் ஊதி, கால் இரண்டும் யாருடைய கால்களோ போல இருந்தன. பின்பக்கத்துத் தாழ்வாரத்தில் அவருடைய தம்பி முக்காலியில் உட்கார்ந்து குத்துவிளக்குகளைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். கல்யாணம் செய்யாதவர், அண்ணனோடேயே இருந்துவிட்டவர். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் பேச மாட்டார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"வாசி" என்றார் தலைவர்.

"நல்லாருக்கிற மனுசனுக்கு முன்னால எப்படி வாசிக்கிறது? வழக்கமில்லையே."

"நல்லாருக்கிற மனுசன் எங்க இருக்கான் இங்க? செத்த பெறகு எனக்குக் காது கேக்குமா? இத்தன பேருக்கு வாசிச்சே, ஒருத்தனாவது நல்லாருக்குன்னு எழும்பிச் சொன்னானா? வாசி."

தாளை விரித்தேன். "காலன் கவர்ந்து சென்ற..."

"கண்ணியச் சுடர்" என்றார், கண்ணை மூடிக்கொண்டு.

அடுத்த வாக்கியத்தையும் எனக்கு முன்னால் அவர் முடித்தார். அதற்கடுத்ததையும். அவருடைய மனைவி அளந்து ஊற்றிய தண்ணீரைச் சின்னக் கோப்பையில் கொண்டுவந்து நின்றார். "இப்ப ஆலமரம் சாயும், பாரு" என்று அவரிடம் சொன்னார் தலைவர். சாய்ந்தது.

"பூட்டுக் கடைக்காரன் செத்தப்பவும் இந்த மரந்தான் சாஞ்சிச்சு. தையக்காரன் பொண்டாட்டிக்கும் இதான் சாஞ்சிச்சு. ஒரு மரம் எத்தன தடவைதான்யா சாயும்? வெறகுக்காவது வெட்டியிருப்பானுங்களே."

"சும்மா இருங்க" என்றார் மனைவி. "அண்ணன் மெனக்கெட்டு எழுதிக்கிட்டு வந்திருக்காரு."

"மெனக்கெட்டா? பேர மட்டும் மாத்தியிருக்கான்டி. அந்த எடத்துல பேனை கூட வேற."

அது உண்மை. பெயருக்கு நான் நீல மையை எடுத்திருந்தேன்.

சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது அவருக்கு. அடங்கிய பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார். விரல்கள் பதிந்த இடம் எனக்கு வலித்தது.

"எனக்குன்னு ஒண்ணு எழுது. என்னைத் தவிர வேற ஒருத்தனுக்கும் அளவு சரிவராத சட்டையா இருக்கணும். அதக் கேட்டுட்டுத்தான் போவேன். சொணங்காத, ரொம்ப நாள் இல்ல."

நானும் ரோசக்காரன்தான். ஒன்பது நாள் உட்கார்ந்து எழுதினேன். இரங்கலுரை என்று எழுதவில்லை, இலக்கியம் என்று எழுதினேன். மகாவலி ஓடியது. மூடுபனி இறங்கியது. பித்தளையின் பொன்னொளியில் ஒரு மனிதன் தன் முகத்தைத் தேடினான். பன்னிரண்டு பக்கம். கொண்டுபோய் வாசித்தேன். இந்தத் தடவை அவர் ஓர் இடத்திலும் குறுக்கே பேசவில்லை. சரி, என் எழுத்தில் விழுந்துவிட்டார் என்று நினைத்தேன்.

முடித்ததும், "யாருய்யா அந்தாளு?" என்றார்.

"எந்த ஆளு?"

"கண்ணாடியில பாக்காம கொடத்துல மொகத்தத் தேடிக்கிட்டிருக்கானே, அவன். எனக்கு அவனத் தெரியாது. அவன் கூட உக்காந்து ஒரு பிளேன்டி குடிக்க மாட்டேன்."

"உங்களுக்கு இதெல்லாம் விளங்காது."

"எனக்கு வெளங்காதத எனக்கே எழுதிக்கிட்டு வந்திருக்கே." என் கையிலிருந்த தாளை விரலால் தட்டினார். "கூட்டத்துல கதிரைக் கணக்கு சொல்லுவியே. அத யாரு எழுதித் தர்றா?"

"யாரும் எழுதித் தர்றதில்ல. அது சும்மா வாயில வர்றது."

"அந்த வாயி எங்க இதுல?"

கதிரைக் கணக்கு என்றால் இதுதான். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் மாதக் கூட்டத்தில், கொடுத்த சாமான் திரும்பி வந்ததா என்று செயலாளர் சொல்ல வேண்டும். எனக்கு அதில் பொறுமை கிடையாது. "நூறு போனது, தொண்ணூற்றாறு வந்தது. வராத நாலில் ஒன்று செத்தவரின் மருமகன் வீட்டு மாடியில் இருக்கிறது. அதில் சாய்ந்துகொண்டுதான் மாமனாரை நினைத்து அழுகிறாராம். இரண்டைப் பந்தல் கட்டியவன் கட்டிக்கொண்டே போய்விட்டான். நாலாவது உடைந்தது. ஏறி நின்று மாலை போட்டவரின் பெயரைச் சொல்லமாட்டேன், அந்த உடம்புக்குக் கதிரை போதாது, மேடை வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்." இப்படித்தான் சொல்லிக்கொண்டு போவேன். சங்கத்தில் சந்தா கட்டாதவர்கள் கூட இதைக் கேட்பதற்கென்றே கூட்டத்துக்கு வருவார்கள். நான் அதை எரிச்சல் என்று நினைத்தேன். எழுத்து என்று ஒருநாளும் நினைக்கவில்லை. எழுத்து என்றால் குளித்துவிட்டு உட்கார வேண்டிய காரியம் என்பது என் எண்ணம்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. நாற்பது வருடம் எழுதியவனிடம், உன் இலக்கியம் கதிரைக் கணக்கில்தான் இருக்கிறது என்று ஒரு பாத்திர வியாபாரி சாகக் கிடக்கும்போது சொல்கிறான். பேராதனையில் மழை பிடித்தது. பக்கத்தில் நின்றவரின் குடை என் சப்பாத்துக்குள் வடிந்தது. வீட்டுக்கு வந்து ஈரச் சட்டையோடு மேசையில் உட்கார்ந்தேன். சாப்பிடவில்லையா என்று மனைவி கேட்டது காதில் விழுந்தது. இரண்டு மணிநேரத்தில் இரண்டரைப் பக்கம் எழுதினேன். அவருக்கு வலிக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே எழுதினேன். வேறு நோக்கம் எதுவும் இருக்கவில்லை. மேடைப் பேச்சாளர் அன்று எழுந்து நிற்கவே இல்லை. நான் வாசல்படி தாண்டும்போதே அவர் போய்விட்டிருக்க வேண்டும்.

எழுதி முடித்த பிறகுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அலுமாரியில் இருந்து என் இரண்டு தொகுதிகளையும் எடுத்தேன். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, நான் வாயால் சொல்லக்கூடிய வாக்கியங்களுக்குக் கோடு போட்டுக்கொண்டு வந்தேன். முந்நூற்று நாற்பது பக்கங்களில் ஒன்பது அகப்பட்டன. அதில் நான்கு 'மழை பெய்தது'. மிச்சம் ஐந்தில் ஒன்று அச்சுக்காரரின் முகவரி. இந்தக் கணக்கை நான் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்லியிருந்தால், இதற்கா நாற்பது வருடம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தீர்கள் என்று கேட்டிருப்பாள். கேட்பதற்கு அவளுக்கு உரிமை இருந்தது.

மறுநாளே பிலிமத்தலாவைக்குப் போனேன். அவர் இன்னும் ஊதியிருந்தார். வாசல் பக்கம் யாரோ ஒரு பெண் குடத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். நான் முன்னுரை ஒன்றும் சொல்லாமல் வாசிக்கத் தொடங்கினேன்.

"தலைவர் நல்லவர் என்று சொல்வதற்கு என்னிடம் போதிய ஆதாரம் இல்லை. தராசில் சுண்டுவிரலை வைக்காமல் அவர் பித்தளை நிறுத்ததை நான் பார்த்ததில்லை..."

"மோதர வெரலு" என்றார். "சுண்டுவெரலுக்குக் கனம் போதாது. மாத்து."

மாற்றினேன். தொடர்ந்து வாசித்தேன்.

"என் மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினொரு நாள் தவறாமல் வந்தார். வந்து, மற்றவர்கள் கொண்டுவந்து வைத்த தோடம்பழங்களில் பதினேழைத் தின்றார். ஒரு பழம் அவர் வாங்கி வரவில்லை. பன்னிரண்டாம் நாள் மகனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பழம் இருந்திருந்தால் வீட்டுக்கும் வந்திருப்பார்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தலைவருக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது. "அது புளிச்ச பழம்யா, ஒன் மகன் தின்னிருந்தா அங்கேயே போயிருப்பான்" என்றார். அடுத்த பகுதிக்கு வந்தேன். பின்பக்கத்திலிருந்து விளக்குத் துலக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததால் குரலைத் தாழ்த்தினேன்.

"இவருடைய தம்பிக்குத் திக்குவாய். கடைக்கு ஆள் வந்தால் தலைவர் தம்பியைக் கூப்பிட்டு விலை சொல்லச் சொல்வார். தம்பி விலையைச் சொல்லி முடிப்பதற்குள் இவர் அதே மாதிரி திக்கித் திக்கிப் பேசிக் காட்டுவார். வந்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்களுக்குப் பேரம் பேச வாய் வராது, சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு போவார்கள். வியாபாரத்துக்கு அது ஒரு நல்ல வழி. பல வருடம் நடந்தது. எங்கள் தெருவே பஸ் ஏறி அதைப் பார்க்கப் போகும். ஒருநாள் தம்பி பேசுவதை நிறுத்தினார். அவர் ஏன் பேசுவதில்லை என்று பிறகு தலைவரிடம் கேட்டவர்களுக்கு, அவன் பிறவியிலேயே அப்படி என்று சொன்னார்."

தலைவர் சிரிக்கவில்லை. குடத்துக்கு விலை பேசிய பெண் போய்விட்டாள். மகன் குறைத்துத்தான் கொடுத்தான், இவர் இருமவில்லை. மனைவி தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வலித்துவிட்டது. ஆனால் வலிக்கட்டும் என்று எழுதிய எனக்கு அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. தாளை மடிக்கப் போனேன்.

"இதான் நான்" என்றார். "இத வேற எவனுக்கும் வாசிக்க முடியாது."

"தம்பி விசயத்த எடுத்துடுறேன். சாவு வீட்டுல அது..."

"அத எடுத்தா மத்ததும் வேணாம். தோடம்பழம் தின்னதுக்கா சாவு வீட்டுல பேசணும்? மகன் எடுக்கச் சொல்லுவான். எடுக்காத. தம்பி முன்னுக்கு நிக்கணும். அவன் கேக்கணும்."

"பத்து எட்டுல உக்காந்திருக்காரு. கூப்பிட்டு நீங்களே சொன்னா என்ன?"

"எனக்கு வராது" என்றார். பிறகு, எனக்கும் ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, கதவு வரைக்கும் போன என்னைக் கூப்பிட்டார். "எழுபத்திமூணு வயசுலதான்யா ஒனக்கு எழுத வந்திருக்கு. இனி எத்தன எழுதுவே? எண்ணிப் பாரு."

பஸ்ஸில் எண்ணிப் பார்த்தேன். அந்த மனிதனை நான் வெறுத்த நாட்களில் அதுவும் ஒன்று.

அடுத்த கிழமை செத்துப்போனார்.

சங்கத்துக் கதிரைகளை லொறியில் ஏற்றிப் பிலிமத்தலாவைக்குக் கொண்டுபோனோம். சந்தியிலிருந்து வீடு வரைக்கும் வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். மகன் வாசலில் நின்று ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அங்கிள், ரெண்டு நிமிசம் போதும். நல்லதா நாலு வார்த்த. மெயின் பேச்சுக்கு ஆள் போட்டிருக்கேன்" என்றான்.

ஆள் போட்டிருந்தான். கண்டிப் பக்கத்தில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மைக் பிடிக்கிற அறிவிப்பாளன். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, மோதிரம், தேன் தடவிய குரல். அவன் எழுந்து மைக்கை இரண்டு தட்டுத் தட்டினான். கண்ணை மூடினான்.

"காலன் கவர்ந்து சென்ற கண்ணியச் சுடரே!"

முதலில் எனக்கு விளங்கவில்லை. ஆலமரம் சாய்ந்தபோது விளங்கியது. பதினாறு வாக்கியமும் என்னுடையவை, ஒரு சொல் மாறவில்லை. எந்தச் சாவில் கேட்டுப் பாடமாக்கினானோ தெரியாது. நான் வாசிக்கும்போது யாரும் கேட்பதில்லை என்று நினைத்திருந்தேன். அவன் கேட்டிருக்கிறான். 'ஈடு செய்ய முடியாத' மூன்றாவது தடவை வந்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து அழுகை கிளம்பியது. கிழவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் என் வாயிலிருந்து வந்தபோது ஒரு கண்ணைக்கூட நனைக்காத அந்த வாக்கியங்கள், அவன் வாயில் போய் உட்கார்ந்ததும் பிறந்த வீட்டுக்குப் போனது போல இருந்தன. அவனுக்கு அளவாகத் தைத்த சட்டையை நான் இத்தனை காலம் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். அவமானமாக இருந்தது. கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். தம்பி பெட்டியின் தலைமாட்டில், இறந்தவரின் மனைவிக்குப் பக்கத்தில் நின்றார். வெள்ளை வேட்டி. நகக்கண்களில் புளிக்கறை. நான் தாளைப் பிரித்தேன்.

முதல் வாக்கியத்துக்கே ஆட்கள் நிமிர்ந்தார்கள். தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தவர் தட்டோடு நின்றார். மோதிர விரலுக்கு இரண்டு வியாபாரிகள் சத்தமாகச் சிரித்துவிட்டார்கள். சிரித்துவிட்டுப் பெட்டியைப் பார்த்து வாயை மூடினார்கள். தோடம்பழத்துக்குக் கூடாரமே குலுங்கியது. எனக்கு முன்னால் இருநூறு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எழுத்தாளன் ஒருவனுக்கு அது எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து வைத்திருந்தேன். அது அப்படி இருக்கவில்லை. பயமாக இருந்தது.

"இவருடைய தம்பிக்குத் திக்குவாய்" என்றேன்.

மகன் வந்து மைக்கை நிறுத்திவிட்டான். "போதும் அங்கிள். என்னா இது, அப்பாட பொணத்துக்கு முன்னால?"

"விடு" என்றார் அவனுடைய தாய். இருந்த இடத்திலிருந்து அசையவில்லை. "அவரு முழுசா வாசிக்கட்டும். ஒங்கப்பா கேட்டதுதான்."

மைக் இல்லாமல் வாசித்தேன். என் குரல் நாலு வரிசைக்குத்தான் போகும். பின்னால் இருந்தவர்கள் எழுந்து முன்னால் வந்தார்கள். கடைசி வாக்கியம் வரைக்கும் வாசித்தேன். தாளில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தபோது எல்லோரும் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் என்னிடம் வந்தார். வாயைத் திறந்தார். முதல் சொல் வருவதற்கு வெகு நேரம் எடுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது, தாடை இழுத்தது. இருநூறு பேர் காத்திருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"இத அவரு உசுரோட இருக்கும்போது, அவரு வாயால சொல்லியிருக்கணும்." நின்று மூச்சு எடுத்தார். "ஒங்க வாய வாடகைக்கு எடுத்துச் சொல்லியிருக்காரு. நீங்களும் குடுத்திருக்கீங்க."

அவ்வளவுதான் சொன்னார். பெட்டியைத் தூக்கக் கூப்பிட்டபோது தோள் கொடுக்கவில்லை. கூடாரத்தை விட்டு வெளியே போய், ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாலு பேர் போய்க் கூப்பிட்டும் திரும்பவில்லை. நான் மூன்றாவதாகப் போனவன். என்னைப் பார்த்துத் தலையசைக்கவுமில்லை.

பெட்டி போன பிறகு நான் வெறுங்கூடாரத்தில் உட்கார்ந்திருந்தேன். மற்றவர் தொண்டையில் பேசியே கிழவனானேன். கடைசியில் எனக்கென்று ஒரு குரல் வந்துவிட்டது என்று நம்பி ஒரு தாளைக் கொண்டுவந்தேன். அதையும் ஒரு செத்த மனிதன் தன்னுடைய வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். தம்பி சொன்னதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை. அந்த இரண்டரைப் பக்கமும் நான் பேசியதா, தலைவர் பேசியதா என்று யோசித்தேன். எழுதும்போது நான்தான். வாசிக்கும்போது அவர்தான். இதற்கு மேல் பிரிக்க முடியவில்லை.

அறிவிப்பாளன் மைக் வயரைச் சுற்றிக்கொண்டே பக்கத்தில் வந்தான்.

"ஐயா, பின்னிட்டீங்க போங்க. அந்தத் தாள ஒருக்கா குடுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்."

"எதுக்கு?"

"அடுத்த சாவுக்கு ஆகும்ல. பழசு கேட்டுக் கேட்டு ஆளுங்களுக்குச் சலிச்சிருச்சு."

"இது இந்த மனுசனுக்கு எழுதினது. வேற ஒருத்தருக்கும் பொருந்தாது."

அவன் சிரித்தான். "என்னா ஐயா சொல்றீங்க? பித்தளைய எடுத்துட்டு இரும்புன்னு போட்டா நம்ம இரும்புக் கடைக்காரரு. தோடம்பழத்துக்குப் பதிலா வடை. தம்பிய வதைக்காத அண்ணன் எங்க இருக்கான்? வாய் திக்குதுன்னு ஒருத்தன், கால் நொண்டின்னு ஒருத்தன். இடத்த மட்டும் மாத்தினாப் போதும்."

அவன் சொன்னது உண்மையாக இருக்கலாம். யோசித்தால் எங்கள் தெருவிலேயே ஆறு பேர் தேறுவார்கள். ஆனால் நான் யோசிக்கவில்லை. தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"தம்பி, இது ஒனக்குப் பத்தாது. நீ சாவு. ஒனக்குன்னு ஒண்ணு நான் எழுதித் தர்றேன்."

மறுபடியும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினான். வயரைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனான்.

அடுத்த கூட்டத்தில் இரங்கலுரை வாசிக்கும் பொறுப்பைச் செயலாளரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். எடுக்க வேண்டும் என்று கை தூக்கியவர்கள் பத்தொன்பது பேர். எதிர்த்தவர் ஒருவருமில்லை. நானும் தூக்கினேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மேசையில் உட்கார்ந்தேன். குளிக்கவில்லை. அறிவிப்பாளனைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. அந்த மோதிரம், கண்ணை மூடுகிற விதம், பெண்கள் அழத் தொடங்கியதும் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. அது போதும். முதல் வாக்கியம் வந்துவிட்டது. இதுவரை ஏழு பக்கம் ஆகிவிட்டது. அவன் நல்ல சுகதேகி என்று கேள்வி. எனக்கு அவசரமில்லை.